நாற்பது நிமிடம் பின்தங்கிய கடிகாரம்

எங்கள் மில்லில் முதன்முதலாகக் கேமரா மாட்டியபோது, எதை வாங்குவது என்று முடிவு செய்ய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாத உழைப்பைக் கெடுக்க எனக்கு இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது.

இதை எழுதச் சொன்னவர் இப்போது அங்கே எலெக்ட்ரிக்கல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் முத்துலட்சுமி. பழைய கேமராக்களையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடப்போகிறார்களாம். மூன்று கம்பெனிக்காரர்கள் கொடுத்த விவரத்தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நீங்கதான சார் மொத மொத போட்டவுக. எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, "இத எழுதிக் குடுங்க சார், டிபார்ட்மென்ட்ல எல்லாரும் படிக்கட்டும்" என்றார். கேமராவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வருவதெல்லாம் மாரியப்பன் அண்ணனைப் பற்றித்தான்.

என் பெயர் காதர். ஐ.டி.ஐ. முடித்து எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். மோட்டார் சுற்றியதும், பேனலில் கைவைத்து அடிவாங்கியதும், நைட் ஷிப்ட் பார்த்ததும் எல்லா எலெக்ட்ரீஷியனுக்கும் உள்ள கதைதான். பத்து வருடத்தில் சூப்பர்வைசர் ஆனேன். அந்தச் சமயத்தில்தான் மில் நிர்வாகம் கேமரா வைக்கத் தீர்மானித்தது. அப்போது எங்கள் ஊரில் கேமரா என்றால் கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பதுதான். சுவரில் மாட்டி வைத்து ஆள் நடமாட்டத்தைப் பார்ப்பதெல்லாம் யாரும் கண்டதில்லை.

பொறுப்பு சீஃப் இன்ஜினியர் கோதண்டம் சாரிடம் வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வேலையில் மூழ்கிவிட்டால் தமிழ் மறந்து, "சூடு, சூடு" என்பார். பார், பார் என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் ஏதோ சுடுகிறது என்று கையை எடுத்துக்கொள்வார்கள். சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. தவறு செய்தவனை எதிரில் நிற்கவைத்துவிட்டு, அவன் எழுதிய தாளை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிப்பார். அதைவிடத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் நான்கு கேமராவும் ஒரு டி.வி. பெட்டியும் கொண்டுவந்து காலை பத்து மணிக்குப் போட்டுக் காட்டினார். கறுப்பு வெள்ளைதான் என்றாலும் படம் பளிச்சென்று இருந்தது. மேனேஜர் அங்கேயே ஆர்டர் போடச் சொல்லிவிட்டார். கோதண்டம் சார், "சாயங்காலம் நாலரைக்குத் திரும்பப் போட்டுக் காட்டுங்க" என்றார். நாலரைக்கு மேற்கே மலைப்பக்கம் வெயில் இறங்கி, நேராகக் கேமராவின் கண்ணில் அடித்தது. பஞ்சு குடோன் வாசலில் நின்ற ஆட்கள் வெறும் கரிய நிழலாகத் தெரிந்தார்கள். "இப்ப நல்லா இருக்கா?" என்று மேனேஜரிடம் கேட்டார். அன்றே அந்தக் கேமராவை எதிர்ச் சுவருக்கு மாற்றிக் கிழக்கே பார்க்க வைப்பது என்று முடிவானது.

மறுநாள் ஒரே உயரமுள்ள மூன்று தொழிலாளிகளைக் காக்கிச் சட்டையோடு கூப்பிட்டார். ஒவ்வொருவராக கேட்டிலிருந்து குடோன் வரை நடக்கச் சொன்னார். மேனேஜரை டி.வி. முன்னால் உட்காரவைத்து, "இது யாரு? இப்ப போறது யாரு?" என்று கேட்டார். மூன்றில் இரண்டு தப்பு. பத்தடி தூரத்தில் முகம் தெரிகிறது, நாற்பதடியில் ஆள் மட்டும்தான் தெரிகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். கேமரா வாங்கும் எல்லாருக்கும் நான் இன்றும் சொல்வது அதுதான். ஆள் வந்தான் என்று தெரிந்தால் போதுமா, எந்த ஆள் வந்தான் என்று தெரியவேண்டுமா? அதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது பதிவு செய்யும் மெஷின். மூன்று மணி நேரம் ஓடும் சாதாரண கேசட்டை, படத்தை விட்டு விட்டு எடுத்து இருபத்துநாலு மணி நேரத்துக்கு இழுக்கும் ரெக்கார்டர் அது. அதனால் டேப்பில் ஆட்கள் நடக்கமாட்டார்கள், தாவித் தாவிப் போவார்கள். கேட்டுக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என்று இரண்டு ரெக்கார்டர் கேட்டார் கோதண்டம் சார். கரண்ட் போனாலும் ஓடும்படி பேட்டரியோடு யு.பி.எஸ். கேட்டார். நிர்வாகம் ஒரு ரெக்கார்டர்தான் தந்தது. யு.பி.எஸ்ஸைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். நான்கு கேமராவின் படத்தையும் ஒரே திரையில் கால் கால் பங்காகப் பிரித்துப் பதிவு செய்ய ஒரு பெட்டி வந்தது. கால் பங்குத் திரையில் ஒரு மனிதன் தீக்குச்சி உயரம்தான் இருப்பான். "ஆள் தெரியும், முகம் தெரியாது" என்று கோதண்டம் சார் ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு ரெஜிஸ்டர் கொடுத்தார். தினமும் காலை கேசட் மாற்றும்போது, ரெக்கார்டரின் கடிகாரத்தை ஆட்கள் கார்டு அடிக்கும் டைம் ஆபீஸ் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று எழுதி, சரி செய்து, கையெழுத்துப் போடவேண்டும். "படம் மங்கலா இருந்தா பாக்குறவனுக்குத் தெரியும் காதர். மணி தப்பா இருந்தா யாருக்கும் தெரியாது" என்றார்.

ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். தினமும் வித்தியாசம் பூஜ்யம். ரெக்கார்டர் இருந்த செக்யூரிட்டி அறை, மில்லின் மறுகோடியில் மாடியில் இருந்தது. அந்த வருட ஆயுத பூஜைக்குத் தொழிலாளிகள் மெஷின், மோட்டார் எதையும் விடாமல் கேமரா கண்ணிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். மறுநாள் ஏணி போட்டு நான்கையும் துடைத்து, மாடிக்குப் போய்க் கடிகாரத்தையும் சரிபார்த்தேன். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு கேசட்டை மாற்ற செக்யூரிட்டி ஆட்களையே பழக்கிவிட்டேன். டீ குடித்துக்கொண்டே ரெஜிஸ்டரில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு மாதம்.

தீப்பிடித்தது ஒரு திங்கட்கிழமை மதியம். மூன்று மணிக்கு ஷிப்ட் மாறி, இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சங்கு விடாமல் ஊதியது. எங்கள் விதிப்படி சங்கு ஊதினால் முதலில் மில் முழுவதற்குமான மெயின் ஸ்விட்சை இறக்கவேண்டும். நான்தான் இறக்கினேன். கரண்ட் போவதையும் வருவதையும் குறிக்கும் லாக் புத்தகத்தில் '3.35, தீ, மெயின் ஆஃப்' என்று எழுதிவிட்டு ஓடினேன். குடோனிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகப் புகை வந்தது. பேல் என்று நாங்கள் சொல்லும் அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி எரிந்தால் வெளியே அணைந்தது போல் இருந்து உள்ளுக்குள் கனியும். இருட்டும் வரை பேல்களை இழுத்துப் போட்டுத் தண்ணீர் அடித்தோம். ஒருவருக்குக் கை வெந்தது. உயிர் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, மாடி அறையில் டேப்பைப் போட்டுப் பார்த்தார்கள். மேனேஜர், போலீஸ் இன்ஸ்பெக்டர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று எங்களிடம் செக்யூரிட்டி ஆபீசராக இருந்த தங்கராஜ். மெஷினை ஓட்ட நான். கோதண்டம் சார் புது மெஷின் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். கால் பங்குத் திரையில், தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் குடோனின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனான். டேப்பில் மணி 2.40. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தான். 2.55-இல் டேப் நின்றுவிட்டது.

"ரெண்டே முக்காலுக்கு குடோன் பக்கம் மாரியப்பனத் தவிர வேற ஆளே கெடையாது. மத்தவங்க எல்லாம் லாரில லோடு ஏத்திக்கிட்டு இருந்தாங்க" என்றார் தங்கராஜ்.

மாரியப்பன் அண்ணன் பேல் சுமக்கிறவர். முந்தின வாரம்தான், கூட வேலை பார்த்த ஒருவரை சஸ்பெண்ட் செய்ததற்காக கேட்டில் நின்று, "இந்த மில்லு எரிஞ்சுதான் போவும்" என்று கத்தியிருந்தார். ஐம்பது பேர் கேட்டிருந்தார்கள்.

"டேப்பு ஏன் 2.55-லயே நின்னுருச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அப்ப கரண்ட் போயிருக்கும்யா. அந்த ரூமு ஜெனரேட்டர்ல கெடையாது" என்றார் தங்கராஜ். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். யோசிக்காமல் ஆட்டினேன், பெரிய மனிதர்கள் முன்னால் ஆட்டுவது போல. அன்று மாலையே மாரியப்பன் அண்ணனைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ரிமாண்ட்.

புதன்கிழமை காலை லாக் புத்தகத்தை எடுத்தேன். திங்கட்கிழமைப் பக்கத்தில் 2.55-க்குக் கரண்ட் போனதாக எதுவும் இல்லை. காலையிலிருந்து 3.35 வரை ஒரு தடவைகூடப் போகவில்லை. அன்று அந்த அறைக்குக் கரண்ட் நின்றது ஒரே ஒரு முறை, நான் மெயினை இறக்கியபோது. அப்படியானால் டேப்பில் 2.55 என்பது உண்மையில் 3.35. கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருக்கிறது. துண்டு கட்டிய ஆள் உள்ளே போனது மூன்று இருபதுக்கு. மாரியப்பன் அண்ணன் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து, மூன்று இரண்டுக்குக் கார்டு அடித்துவிட்டு வெளியே போயிருந்தார்.

பக்கத்தில் கேமரா ரெஜிஸ்டர் இருந்தது. திங்கட்கிழமை: வித்தியாசம் பூஜ்யம், கையெழுத்து காதர். இரண்டு புத்தகமும் என் கையெழுத்துதான். இரண்டும் உண்மையாக இருக்கமுடியாது.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் பொய் எழுதியது தெரிந்தால் வேலை போகும் என்று நினைத்தேன். போலீஸ் தானே கண்டுபிடித்துவிடும் என்று நினைத்தேன். கோதண்டம் சார் வரட்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனேன். பக்கத்தில் நின்ற மனிதர் முடித்து எழுந்த பிறகும் நான் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. வெளியே வந்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை கேட்டில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். மாரியப்பன் அண்ணனின் மனைவி செல்லத்தாய். தங்கராஜ் என்னைக் காட்டி, "அந்தப் படம் ஓட்டுறவர் இவருதான்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு அந்தப் படத்துல இருக்காராமே. எனக்கு ஒருக்கா காட்டுங்க" என்றார்.

"அது கோர்ட்டுக்குப் போயிருச்சும்மா."

"மூஞ்சி தெரியலைன்னு சொன்னாக. மூஞ்சி வேண்டாம் தம்பி. நடந்து போறது தெரியும்லா? இருவது வருசமா அவுக நடைய பாக்கேன். அவுகதான்னா நானே அவுகதான்னு சொல்லிட்டுப் போறேன்."

நான் கையிலிருந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினேன்.

"சேத்தூர்ல இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரக நேத்து பொண்ணுக்குப் பூ வைக்க வாரதா இருந்தாக. சனிக்கெழமையே ஆள் விட்டுச் சொல்லிட்டாக, வேண்டாம்னு. கொலகாரன் வீட்டுல கூட பொண்ணு எடுப்பாக, தீ வச்சவன் வீட்டுல எடுக்கமாட்டாகளாம்." அழவில்லை. "சரி, வாரேன்" என்று போய்விட்டார்.

கோதண்டம் சார் அன்று காலைதான் திரும்பியிருந்தார். இரண்டு புத்தகத்தையும் அவர் மேசையில் வைத்து, திங்கட்கிழமைப் பக்கங்களைத் திறந்து வைத்தேன். வழக்கம்போல முதல் வரியிலிருந்து படித்தார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டுல எது பொய்?"

"கேமரா ரெஜிஸ்டர் சார்."

"எத்தனை நாளா?"

"ஆயுத பூஜைக்கு மறுநாள் பாத்ததுதான் கடைசி சார்."

தங்கராஜையும் மேனேஜரையும் மாடி அறைக்கு வரச்சொன்னார். டேப்பைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த ரெக்கார்டரை மாட்டச் சொன்னார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி சுத்தமாக மெஷினில் மணி வைத்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். "பத்து நிமிசம்" என்றார். யாரும் உட்காரவில்லை. மேனேஜர் இரண்டு தடவை ஏதோ கேட்க வாயெடுத்தார். கோதண்டம் சார் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பயம்: கடிகாரம் சரியாகக் காட்டிவிட்டால்? அப்போது நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

பிளக்கை மாட்டினார். மெஷின் விளக்கு எரிந்தது. கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. சரியாகப் பத்து நிமிடம் பின்னால்.

"சூடு" என்றார் கோதண்டம் சார், மெதுவாக.

கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்ட மெஷினுக்குள் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. அது செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் கடிகாரம் தூங்கி, வந்ததும் எழுந்து நடந்திருக்கிறது. லாக் புத்தகத்தில் ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து அந்த அறைக்குக் கரண்ட் போன நேரங்களை என்னை வாசிக்கச் சொன்னார். ஆறு நிமிடம். பதினொன்று. நான்கு. பன்னிரண்டு. ஏழு. தங்கராஜே ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். நாற்பது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அய்யோ, அந்த மனுசன நாந்தான கைகாட்டுனேன்" என்றார்.

மேனேஜர் கதவைச் சாத்தினார். "இது வெளிய போனா நம்ம சிஸ்டமே பொய்னு ஆயிரும் கோதண்டம். மில்லுக்கு என்ன பேரு? கேஸு அதுபாட்டுக்கு நடக்கட்டும். கடைசியில விட்ருவாங்க."

"சார், ஆள் உள்ள இருக்கான்" என்றார் கோதண்டம் சார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அங்கேயே உட்கார்ந்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை முடித்து, இன்னொரு தாளை எடுத்து எனக்குக் குற்றச்சாட்டு மெமோ எழுதினார். டைப் அடிக்கக்கூடக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மெமோவை நீட்டி, "இதுல கையெழுத்துப் போடு. பொறவு ஜீப்புல ஏறு" என்றார்.

இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு மூடினார். "அன்னிக்குத் தலையாட்டுனியேப்பா" என்றார். பிறகு வேகமாக வேலை நடந்தது. மூன்று மணிக்குப் பிறகு உள்ளே இருந்தவர்களை விசாரித்தார்கள். குடோன் கூரைத் தகரம் மாற்ற வந்த ஒப்பந்த வேலையாள் ஒருவர், வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே போய்ப் பீடி குடித்ததை இரண்டாம் நாளே ஒப்புக்கொண்டார். அவரும் தலையில் துண்டு கட்டியிருந்தார். கூரையில் ஏறுகிறவன் வேறு என்ன கட்டுவான்? கோர்ட்டில் என்னைக் கேட்டார்கள்: "இந்த ரெஜிஸ்டரில் இருப்பது உங்கள் கையெழுத்தா? நீங்கள் எழுதியது பொய்யா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். ஒரு மாதம் சஸ்பென்ஷன். வேலை போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டது கோதண்டம் சார்தான் என்று வெகுநாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

மாரியப்பன் அண்ணன் மேல் வழக்கு இல்லை என்று முடிந்த நாளில், நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தேன். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். முன்னால் மூன்று பேர் சீட்டில் அவரும் செல்லத்தாய் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்க தம்பி. பொழப்பு போனாலும் போவட்டும்னு வந்து சொன்னீகளே. எவன் சொல்லுவான்?" என்று என் தொடையில் கைவைத்தார். பேல் தூக்கிக் காய்த்துப்போன கை. அக்கா பையிலிருந்து பால்கோவாப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். "புள்ளைகளுக்குக் குடுங்க" என்றார்.

பஸ் ஊரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்தது. அந்தப் பொட்டலத்தை என்னால் பிடித்துக்கொண்டு இருக்கமுடியவில்லை.

"அண்ணே, எனக்கு அந்தப் புதன்கெழமையே தெரியும்" என்றேன்.

"எந்தப் புதன்?"

"உங்களக் கூட்டிட்டுப் போன மறுநா. லாக் புத்தகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வேலை போயிரும்னு பயந்து சொல்லல. அடுத்த திங்கக்கெழமைதான் சொன்னேன்."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். புதன், வியாழன், வெள்ளி. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சேத்தூர்க்காரக சனிக்கெழமதான் ஆள் அனுப்புனாக" என்றார். அவரிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வந்தது. பஸ் நின்றது. அக்காவை முன்னால் விட்டு மாரியப்பன் அண்ணன் எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"இதச் சொல்லாமயே இருந்திருக்கலாம்லா தம்பி" என்றார். "நாங்க ஒங்கள நல்லவருன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். இறங்கிப் போய்விட்டார்கள். கண்டக்டர், "அண்ணாச்சி, பஸ் செட்டுக்குப் போகுது, எறங்குங்க" என்று சொல்லும்வரை நான் உட்கார்ந்தே இருந்தேன்.